துரையின் படுக்கை அறை

தன் மாடுகளை வெளியே துரத்தப்போகிற வரைபடத்துக்கு, அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு யோகலிங்கமே நிற்க வேண்டியதாயிற்று. பிடிக்க வேறு ஆளில்லை. பழைய கட்டடங்களைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து சுஹைரா என்ற பெண் ஸ்கூட்டரில் தனியாகத்தான் வந்திருந்தாள். "ஐயா, அந்த மூலையில நுனியை வச்சு அமத்திப் பிடியுங்கோ" என்றாள். பிடித்தார். அவள் இழுத்தாள், பார்த்தாள், கொப்பியில் எழுதினாள். காலை எட்டு மணியிலிருந்து இதே வேலை. யோகலிங்கத்துக்கு வயது அறுபத்தொன்று. முழங்கால்களுக்கு அதைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

நிலாவெளி உப்பளத்தைத் தாண்டி, இறக்கக்கண்டிப் பாலத்துக்குப் போகிற வழியில் உள்ளே திரும்பினால் அந்த வீடு தெரியும். முதலில் தெரிவது அதன் புகைக்கூண்டுதான். நூற்று முப்பது வருடத்துக்கு முன்னர் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்த்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் கட்டியது. வேல்ஸ் என்ற குளிர் நாட்டுக்காரராம். கமக்காரனுடைய மகனாம். அந்த நாட்டில் தகப்பனின் பண்ணை வீடு எப்படி இருந்ததோ, அப்படியே ஒரு கல் பிசகாமல் இங்கே கட்டிவிட வேண்டுமென்று அவருக்கு ஆசை. ஆசைப்பட்டவருக்கு வெயிலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை போலும். இரண்டரை அடித் தடிப்பில் கருங்கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர். கையகல யன்னல்கள். ரயில் பெட்டி போல நீண்ட ஒற்றைக் கட்டடம். முன் வாசலிலிருந்து பின் வாசலுக்கு நேராக ஒரு நடை அதை இரண்டாகப் பிரிக்கிறது. நடைக்கு மேற்கே மேட்டில் ஒரு பெரிய அறை. கிழக்கே பள்ளத்தில் இன்னொன்று. மேட்டு அறையின் சுவரில், ஆள் குனியாமல் உள்ளே போகக்கூடிய அளவில், குளிர் காய்வதற்கு ஒரு அடுப்பு. நிலாவெளியில் குளிர் காய்வதற்கு!

யோகலிங்கத்தின் தகப்பன் அந்த வளவை வாங்கியபோது, அந்த அடுப்பைச் சாமி மாடம் என்று நினைத்துப் பிள்ளையார் படத்தை வைத்துவிட்டார். வெள்ளைக்காரன் கட்டின வீட்டில் சாமி மாடம் எப்படி வந்தது என்று கேட்கிற புத்தி அப்போது ஒருவருக்கும் வரவில்லை. பிள்ளையாருக்குப் பக்கத்தில் வெங்காயப் பிடிகள் தொங்கின. பள்ளத்து அறையில் மாடுகள் நின்றன. குடும்பம் பக்கத்தில் கொட்டில் போட்டு இருந்தது; சண்டையெல்லாம் முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீட்டில் இருக்கிறது. துரை வீட்டில் மாடு, துரையின் வளவில் கொட்டில். ஊர் சும்மா இருக்குமா? "துரை வீட்டைத் தொழுவமாக்கின குடும்பம்" என்று பெயர் வைத்தது. பள்ளிக்கூடத்தில் யோகலிங்கத்தைப் பெடியள் "மா" என்று கத்தித்தான் கூப்பிட்டார்கள். "நான் வாங்கேக்கயே அது மாடு நிண்ட இடம்தானடா" என்று தகப்பன் சாகும்வரைக்கும் சொன்னார். ஊர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் மகனும் நம்பவில்லை. அந்த வெட்கம் அறுபத்தொரு வயதிலும் அவருக்குள் கிடந்தது. எல்லாக் கெட்டதும் அதில்தான் தொடங்கியது.

போன ஆனி மாதம், பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று கிராம சேவகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அரசாங்கத்து ஆள் வந்து மாட்டு மூத்திரத்தை மிதிப்பதா? நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. வருகிறவன் சுகாதாரப் பரிசோதகராக இருந்தாலும் சரி, சம்பந்தம் பேச வருகிறவனாக இருந்தாலும் சரி, முதலில் வெள்ளை அடிப்போம். யோகலிங்கம் மூன்று பை சீமெந்து எடுத்து வந்தார். பள்ளத்து அறையின் நடுவே நீளத்துக்கு ஓடிய கல் வடிகானைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி, தரை முழுவதற்கும் சீமெந்து பூசினார். கிழக்குச் சுவரின் அடியில் வடிகான் வெளியே போகிற ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஏழு மாடுகளையும் இறக்கக்கண்டி ஹிஸ்புல்லாவின் வளவில் கொண்டுபோய்க் கட்டினார். மூன்று நாள் வேலை. முதுகு நிமிரவில்லை.

உத்தியோகத்தர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பள்ளத்து அறைக்குள் நின்று, "இது என்ன அறை?" என்று கேட்டார். யோகலிங்கத்துக்கு ஒரு மிடுக்கு வந்தது. வரக்கூடாத நேரத்தில் வந்த மிடுக்கு.

"இதுதான் சேர் துரையின்ர படுக்கை அறை. கட்டில் இந்தப் பக்கம் கிடந்ததாம்."

கட்டில் கிடந்த பக்கத்தைக் கையால் காட்டவும் செய்தார். உத்தியோகத்தர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வாசலில் நின்ற வள்ளிநாயகி, தன் புருஷனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

உத்தியோகத்தர் போன மறுநாளே மாடுகள் பள்ளத்து அறைக்குத் திரும்பின; அதை ஊர் கந்தோருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. 'ஆதியில் வசிப்பிடமாக இருந்த மேற்படி கட்டடம் பின்னர் விவசாயப் பாவனைக்கு மாற்றப்பட்டுள்ளதாக அறியக்கிடக்கிறது. ஆதிப் பாவனைக்கு ஒவ்வாதவை யாவும் ஐப்பசி மாத முடிவுக்குள் அகற்றப்பட வேண்டும். அனுமதியின்றிக் கட்டடத்தின் எப்பகுதியையும் உடைப்பது குற்றமாகும்.' கடைசியில் ஒரு வரி: இறுதித் தீர்மானத்துக்கு முன்னர் ஓர் உத்தியோகத்தர் வந்து அளந்து வரைபடம் எடுப்பார்.

வள்ளிநாயகி அதை இரண்டு தரம் வாசித்தாள். "நுணலும் தன் வாயால கெடும் எண்டு சும்மாவே சொன்னவை?" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

மாட்டை வெளியே கட்டினால் என்ன என்று பட்டணத்தில் இருக்கிறவர்கள் கேட்கலாம். மூன்று வருடத்துக்கு முன்னர், கார்த்திகைக் கடைசியில், புயலோடு ஒரு குளிர் வந்தது. இந்தக் கடற்கரை அப்படி ஒரு குளிரைக் கண்டதில்லை. வெளியில் நின்ற மாடுகள் நின்ற நிலையிலேயே விறைத்து விழுந்தன. ஹிஸ்புல்லாவுக்குப் பதினொரு மாடு போனது; அந்த மனிதன் வயலில் விழுந்து அழுததை யோகலிங்கம் பார்த்தார். இவருடைய பட்டியில் ஒரு கன்றுகூடச் சாகவில்லை. இரண்டரை அடிச் சுவர் காற்றை உள்ளே விடவில்லை. அன்றைக்குத்தான் பிள்ளையாரைப் பலகைத் தட்டில் ஏற்றி வைத்துவிட்டு, அந்த அடுப்பில் பனங்கட்டைகளைப் போட்டு முதன்முதலாக நெருப்பு மூட்டினார். மாடுகளை நடைவரைக்கும் இழுத்து வந்து சூட்டுக்குப் பக்கத்தில் கட்டினார். அந்தத் துரை ஏன் இப்படி ஒரு வீட்டைக் கட்டினார் என்று அன்றைக்கு அவருக்கு விளங்கியது. இனி ஐப்பசி முடிய மாடுகள் மழையில். அதை நினைத்தாலே அவருக்கு நித்திரை வருவதில்லை.

"ஐயா, நுனி நழுவுது" என்றாள் சுஹைரா.

"நழுவட்டும் மகள். எனக்கு ஏலாது. கொஞ்சம் இருக்கிறன்."

அவர் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். அவளும் நடையின் கற்படியில் இருந்தாள். கிண்ணியாக்காரி, முப்பது வயது இருக்கும். அவளுடைய முகத்திலும் களைப்புத்தான். "இந்த மாசம் இது எனக்கு எட்டாவது கட்டடம்" என்றாள். "எங்க போனாலும் ஆக்கள் என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கினம். போன கிழமை ஒரு வீட்டில நாயை அவிட்டு விட்டவங்க." யோகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. நாய் இருந்திருந்தால் அவரும் அவிழ்த்து விட்டிருப்பார்.

அவள் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. இந்த அறைக்கு யன்னலே இல்ல. கை போற அளவுக்கு மூண்டு இடுக்குத்தான் வச்சிருக்கு. நடைப்பக்கச் சுவரில முழங்கால் உயரத்தில மூண்டு திறப்பு. வாசல், வீட்டின்ர முன்வாசலை விட ஒரு முழம் அகலம். தரை இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு அடி பதியுது. ஒரு துரை, கால்பக்கம் பள்ளத்தில கிடக்க, யன்னல் இல்லாத அறையில எப்பிடிப் படுத்தவர்?"

 குசினிப் பக்கமிருந்து வள்ளிநாயகி இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்து, ஒன்றை அவளிடமும் ஒன்றை இவரிடமும் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அவள் நின்ற நிலையே ஒரு கேள்வி. யோகலிங்கத்துக்கு ஒரு பொய்யைக் கட்டிக் காப்பதற்கு மேலும் பலம் இருக்கவில்லை. மாடு வளர்க்கலாம், வெங்காயம் போடலாம். பொய் வளர்ப்பது அதைவிடப் பெரிய பாடு.

"அது நான் சொன்ன பொய் மகள்" என்றார். "துரையை ஆர் கண்டது? அப்பர் வாங்கேக்க இதில நடுவால ஒரு கல்லு வடிகான் ஓடினது. அந்தச் சுவரடியில ஓட்டை. வாற ஆக்கள் பாத்தா வெட்கம் எண்டு நான்தான் சீமெந்து போட்டு மூடினனான். உங்கட கந்தோர் ஐயா கேக்கேக்க வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன்."

சுஹைரா தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். குனிந்து சீமெந்துத் தரையைத் தட்டிப் பார்த்தாள்.

"வடிகான் இதுக்குக் கீழ இருக்கா?"

"நான் மூடினதுதானே. இல்லாமல் எங்க போகும்?"

"கல்லெல்லாம் சுவரோட சேத்துக் கட்டினதா, இல்லாட்டிப் பிறகு ஆரும் வந்து பதிச்சதா?"

"அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? கல்லு எண்டா கல்லு."

"ஐயா, வடிகான் ஆதியிலயே இருந்தது எண்டா கதையே வேற." அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது, பிறகு தணிந்தது. "ஆனா கண்ணால கண்டதைத்தான் நான் கீறலாம். வாயால கேட்டதை எழுதினா, போன முறை படுக்கை அறை எண்டு எழுதின மாதிரித்தான் முடியும். தரையை உடைக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. அனுமதி கேட்டு எழுதினா வர ஆறு மாசம்."

"ஐப்பசி முடிய இன்னும் பதினெட்டு நாள்" என்றாள் வள்ளிநாயகி.

சுஹைரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "லுஹர் நேரம். ஹிஸ்புல்லா காக்காட வீட்டில தொழுதிட்டுச் சாப்பிட்டிட்டு வாறன். ஒரு ஒண்டரை மணித்தியாலம் செல்லும்" என்றாள். கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அளவு நாடா அங்கேயே கிடந்தது. ஸ்கூட்டர் சத்தம் ஒழுங்கையில் தேய்ந்து மறைந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததையும் விளங்கிக்கொள்ளாவிட்டால், அறுபத்தொரு வருடம் உண்ட சோற்றுக்கு என்ன பொருள்? யோகலிங்கம் எழும்பிப் போய், கொட்டிலின் பின்னால் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை எடுத்து வந்தார்.

"உடைச்சாக் குற்றம் எண்டு கடிதத்திலயே இருக்கு" என்றாள் வள்ளிநாயகி.

"ஓம். வாசிச்சனான்."

"உள்ளுக்குப் போட்டா ஆர் மாடு பாக்கிறது?"

"மாடு இருந்தாத்தானே பாக்கிறதுக்கு."

 அவள் போய்க் கல்லும் மண்ணும் அள்ளுவதற்குக் கடகத்தை எடுத்து வந்தாள்.

அவர் போட்ட சீமெந்து அவருக்கே எதிரியாக இருந்தது. கூலிக்கு வந்த மேசன் போட்டிருந்தால் இரண்டு அடியில் வெடித்திருக்கும். தன் வீடு என்று கலவை கூட்டிப் போட்டதை உடைக்கத் தோள்மூட்டு கழன்றது. அலவாங்கு விழுந்த ஒவ்வொரு முறையும் ஒரு பயம். மூடுகிற அவசரத்தில் வடிகான் கற்களையும் பெயர்த்து நிரப்பிவிட்டோமோ? இரண்டு கல்லைப் பெயர்த்தது நன்றாக ஞாபகம். இரண்டா, பத்தா? இல்லாத ஒன்றுக்காகக் குற்றவாளியாகப் போகிறோமோ என்று நினைக்க, கை சோர்ந்தது. வள்ளிநாயகி கடகம் கடகமாக அள்ளிக் கொட்டினாள். ஒரு தரம் மட்டும், "தள்ளுங்கோ" என்று அலவாங்கை வாங்கி நாலு குத்துக் குத்தினாள். வைத்த இடத்தில் பெரிய கட்டியாகப் பெயர்ந்தது. அடியில் கறுப்பாக, வழுவழுவென்று, குளம்புகள் தேய்த்த கல் தெரிந்தது.

சுஹைரா திரும்பி வந்தபோது பன்னிரண்டு அடி நீளத்துக்கு வடிகான் திறந்திருந்தது. யோகலிங்கம் சீமெந்துத் தூசியில் சுண்ணாம்பில் பிரட்டி எடுத்தவர் போல இருந்தார்.  அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வடிகானுக்குள் இறங்கினாள். தும்புத் தூரிகையால் துடைத்தாள். கற்கள் இரு பக்கமும் சுவரின் அத்திவாரத்துக்குள் ஓடுவதை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். கிழக்குச் சுவரடியில் படுத்து, அடைத்திருந்த செங்கலைச் சுற்றிப் பார்த்தாள். வெளியே போய் அந்தப் பக்கத்தாலும் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஐயா, இந்த ஓட்டையின்ர விளிம்புக் கல்லு முன்வாசலுக்குப் போட்ட அதே கொத்துவேலை. இது பிறகு உடைச்ச ஓட்டை இல்ல. இந்த ஓட்டையை வச்சுத்தான் சுவரைக் கட்டியிருக்கினம்." அவள் மூச்சு வாங்கினாள். "படிக்கிற காலத்தில எங்களுக்கு ஒரு படம் காட்டினவங்க. அந்த நாட்டுப் பக்கம் பழைய பண்ணை வீடு இப்பிடித்தான். ஒரே கூரை. மேட்டில ஆக்கள், பள்ளத்தில மாடு, நடுவால நடை. மாட்டின்ர சூடு ஆக்களுக்கு, ஆக்களின்ர காவல் மாட்டுக்கு. முழங்கால் உயரத்தில அந்த மூண்டு திறப்பும் நடையில நிண்டு வைக்கல் போடுறதுக்கு."

யோகலிங்கம் குனிந்து அந்த மூன்று திறப்பையும் பார்த்தார். 

"அப்ப, துரை மாட்டோடதான் இருந்தவரா?"

"ஓம் ஐயா. மாட்டுக்கெண்டே கட்டின அறை இது."

அவர் அழுதார். மாடுகளுக்காக அழுதார் என்றுதான் சுஹைரா நினைத்திருப்பாள். அவர் தகப்பனுக்காக அழுதார். அந்த மனிதன் உண்மையைச் சொல்லிக்கொண்டே செத்துப்போனான். பெற்ற பிள்ளை, ஊரோடு சேர்ந்து, அதைக் கதை என்று தள்ளிவிட்டது.

"ஆனா ஐயா," சுஹைரா தயங்கினாள், "அறிக்கையில, தரையை உடைச்சது ஆர் எண்டு எழுத ஒரு இடம் இருக்கு. அதையும் நான் எழுதத்தான் வேணும்."

"எழுதுங்கோ மகள். படுக்கை அறை எண்டு சொன்னதும் நான்தான். அதையும் சேத்து எழுதுங்கோ."

நாலரை மணிக்கு மாடுகள் மேய்ச்சலால் வந்தன. அவற்றுக்குக் கடிதமும் தெரியாது, தீர்மானமும் தெரியாது. செம்பிப் பசு முதலில் உள்ளே வந்தது. சீமெந்து போட்ட நாளிலிருந்து அது வழுக்கி வழுக்கித்தான் நின்றது. இப்போது பழைய கல்லைக் கண்டதும் போய், பின்னங்கால்களை வடிகானின் கரையில் ஊன்றி, வாலைத் தூக்கி, நிதானமாக மூத்திரம் பெய்தது. அது ஒரு துளி அங்கே இங்கே போகாமல் கல்லோடு ஓடி, அடைத்திருந்த செங்கலில் முட்டி, திரும்பி வந்து சுஹைராவின் காலடியில் நின்றது. அவள் துள்ளி விலகினாள்.

"அந்த ஓட்டையையும் திறந்து விடுங்கோ ஐயா" என்றாள். "எழுதினதோட எழுதினதா எழுதிவிடுறன்."

ஐப்பசிக் கடைசியில் அவரை நகரத்துக் கந்தோருக்கு வரச்சொன்னார்கள். பஸ்ஸில் போனார். அதே கண்ணாடிக்காரர் கதிரையில் இருந்தார். வாக்குமூலத்தில் ஒப்பமிடச் சொல்லிவிட்டு, "பாதுகாக்க வேண்டிய வீட்டை மாட்டுத் தொழுவமாக்கினது போதாதெண்டு, தரையையும் உடைச்சனீங்கள்" என்றார். யோகலிங்கத்துக்கு வாதாடுகிற தெம்பு இல்லை. ஆனாலும் அந்த ஒன்றுக்கு வாய் தானாகத் திறந்தது.

"தொழுவமாக்கினது நாங்கள் இல்லை சேர். தொழுவத்துக்குப் பக்கத்தில துரைதான் வந்து இருந்தவர்."

ஒப்பம் வைத்தார். வரும் வழியில் சந்தையில் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு வந்தார். ஐப்பசி முடிந்தது. கடிதம் இல்லை. மழை தொடங்கியது. கார்த்திகை பிறந்தது. ஒவ்வொரு நாளும் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், யாரோ மாடுகளை அவிழ்க்க வருகிறார்கள் என்று எழும்புவார். யாரும் வரவில்லை. மாடுகளையும் அவர் அவிழ்க்கவில்லை.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு காலையில் தபால்காரர் வந்தார். யோகலிங்கம் கண்ணாடியைத் தேடவில்லை. கடிதத்தை வள்ளிநாயகியின் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளத்து அறை வாசலில் குந்தினார். அவள் உரக்க வாசித்தாள்.

'மேற்படி கட்டடத்தின் கீழ்ப்பகுதி ஆதியிலிருந்தே கால்நடைப் பாவனைக்கென அமைக்கப்பட்டதாகக் காணப்படுவதால், அப்பாவனை தொடரலாம். அனுமதியின்றித் தரையை உடைத்தமைக்காக உரிமையாளர் கடுமையாக எச்சரிக்கப்படுகிறார். இக்கட்டடத்தில் ஆதிப் பாவனைக்கு ஒவ்வாததாகக் காணப்பட்டது ஒன்றே ஒன்று: உரிமையாளர் யோகலிங்கம் என்பவரால் இடப்பட்ட சீமெந்து. எஞ்சியிருப்பதையும் அவர் தன் பொறுப்பில் பதினான்கு நாட்களுக்குள் அகற்ற வேண்டும்.'

வள்ளிநாயகி கடிதத்தை மடித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"நூத்தி முப்பது வருசத்தில இந்த வீட்டைப் பழுதாக்கினது நீங்கள் ஒராள்தான் எண்டு அரசாங்கமே எழுதித் தந்திருக்கு."

"அப்பரைப் பற்றி ஒண்டும் இல்லையே?"

அவள் மறுபடியும் பிரித்து மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இல்லை. உங்கட பேர் மட்டும்தான்."

யோகலிங்கம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். முழங்கால் நொந்தது. போய் அலவாங்கை எடுத்து வந்தார்.